பதில் இல்லை

டுலூத் நீதிமன்றத்தில் எட்டு நாள் பேசினேன்.
பன்னிரண்டு பேர் கேட்டார்கள்.
பின்னல் ஊசிக்குப் பழகிய விரல்களை
மடியில் சும்மா வைத்திருக்கத் தெரியாமல் ஒருத்தி தவித்தாள்.
முன்வரிசையில் மூன்றாமவர்
'தீ' என்று நான் சொல்லும்போதெல்லாம் கண் சிமிட்டினார்.
இதில் எதுவும் பதிவில் இல்லை.

பதிவு என்றால் வெர்லா.
ரேடியேட்டர் பக்கத்தில் உட்கார்ந்து
சத்தமில்லாத சின்னப் பெட்டியைத் தட்டுகிறவள்.
அவள் தாளில் யாரும் அழுவதில்லை.
படகுத்துறைக் கடைக்கு நீ தீ வைத்தாயா என்றதும்
ஆரின் ட்வெய்டின் தாடை இறுகி, தளர்ந்து,
ஏரியில் தாதுக்கப்பல் ஊதி ஓயும்வரை
வாய் திறக்காமலே இருந்தது
அவளுக்கு ஒரே வரி:
(பதில் இல்லை.)

விசாரணை என்பது வேர்வை.
மேல்முறையீடு வெறும் காகிதம்.
இருபத்தாறு வருடமாய் இரண்டும் என் பிழைப்பு.
இங்கே தொண்டை கட்டும்,
அங்கே ஒரு காற்புள்ளிக்காக இரவு விடியும்.

தீர்ப்பு: குற்றவாளி.
பனி வாரிய நெடுஞ்சாலையில் நூற்றைம்பது மைல்,
செயின்ட் பால்.
மூன்று நீதிபதிகள். பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்கு.
பதினைந்து நிமிடம்.

பக்கம் 612, வரி ஒன்பது, என்றேன்.
'குற்றம் செய்யாதவர் அன்றிரவே
போலீஸிடம் சொல்லியிருக்கலாமே?'
என்று அரசு வழக்கறிஞர் கேட்டிருக்கிறார்.
கேட்கக் கூடாத கேள்வி, கனம் நீதிபதிகளே.
பேசாமல் இருக்கலாம் என்று
விலங்கு மாட்டியவரே அவனுக்குப் படித்துக் காட்டியிருக்கிறார்.

நடுவில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றினார்.
'ஆட்சேபணை எங்கே, மிஸ் கார்வினென்?'

வரி பத்தில் இருக்க வேண்டும்.
வரி பத்தில் அடுத்த கேள்வி இருந்தது.

மௌனம் சம்மதம்.
கல்யாணப் பேச்சுக்கு மட்டுமில்லை, சட்டத்துக்கும் அதே கணக்கு.
அவன் மௌனம் உரிமை,
என்னுடையது சம்மதம்.
மஞ்சளுக்கு முன்பே தோற்றுவிட்டேன்.
சிவப்பு வரை பேசினேன், வாங்கிய காசுக்கு.

மிச்சம் ஒரு கதவு:
இவனுக்கு வாய்த்த வக்கீல் சரியில்லை.
அதை நானே தட்ட முடியாது.
எட்டுப் பெட்டிகளை ரோவேனா பெக்கின் காரில் ஏற்றினேன்.
ஒன்றின் அடி கிழிந்து
ஆரினின் பள்ளிக்கூடப் போட்டோ பனியில் விழுந்தது.

சாட்சி நாற்காலி இவ்வளவு தாழ்வானது என்று
யாரும் என்னிடம் சொன்னதில்லை.
உட்கார வைத்து உலுக்கியவர்களில்
ஒருவரையும் நான் கேட்டதுமில்லை.

அரசு வழக்கறிஞர் தன்மையானவர். கை கொடுத்தார்:
'ஆட்சேபித்தால் ஜூரி காதில் இன்னும் உறைக்கும்.
தெரிந்துதான் விட்டுவிட்டீர்கள்.
அது ஓர் உத்தி, இல்லையா?'

ஆம் என்றால் என் பெயர் தப்பிக்கும்.
அவனுக்கு இன்னும் பதினோரு வருடம்.

வெர்லாவின் விரல்கள் அந்தரத்தில் நின்றன.
பிறகு மெல்ல எதையோ தட்டின.
என்னவென்று எனக்குத் தெரியும்.

'உத்தி இல்லை.
கேள்வி என் காதிலேயே விழவில்லை.
முடிவுரைக்கு முதல் வரி எழுதிக்கொண்டிருந்தேன்.
நல்ல வரி.'

'என்ன வரி?'

மறந்துவிட்டது என்றேன்.
சத்தியம் செய்த பிறகு
அன்று நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

மறுவிசாரணை ஏப்ரலில்.
கடைசி பெஞ்சில், கோட்டு மாட்டும் கம்பிக்குக் கீழே இருந்தேன்.
புது ஜூரி, அதே ரேடியேட்டர்.
அரசுத் தரப்பு ஏதோ சாதாரணமாய்க் கேட்டது:
அன்றிரவு பனி பெய்ததா?

என் முழங்கால் நிமிர்ந்துவிட்டது.
வாய் திறந்து
பாதி எழுந்து நிற்கிறேன்.

ஆரின் திரும்பினான்.
'உட்காருங்கள், மேடம்' என்றார் காவலர், சன்னமாக.
வெர்லா என்னைப் பார்த்தாள்,
விரல்களைத் தூக்கி வைத்துக்கொண்டே.